கடைசிப் பக்கத்துக் கட்டம்

அத்தியாயம் 14

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே அந்தக் கடிதம் கிடந்தது. சாப்பாட்டு மேஜை மேல், உப்பு ஜாடிக்கும் மின்கட்டண ரசீதுக்கும் நடுவில். நான்கு நாளாக மூன்று பேரும் அதைச் சுற்றித்தான் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவரும் எடுத்து வைக்கவில்லை. எடுத்தால் அதைப் பற்றிப் பேச வேண்டிவருமே!

இரண்டு தாள்கள். முதல் தாளில் சந்தோஷம். நூறு பேர் விண்ணப்பித்தால் ஆறு பேரை மட்டும் எடுக்கும் அந்தத் தூரத்துக் கல்லூரி நம் பட்டாணியை எடுத்திருந்தது. இரண்டாவது தாளில் ஒரே வரி. உதவித்தொகை இல்லை.

பட்டாணி என்பது, பிறந்தபோது இருந்த அளவைப் பார்த்து அவள் அப்பா வைத்த பெயர். இப்போது அவள் அப்பாவைவிட இரண்டு விரல் உயரம், பெயர் மட்டும் வளரவில்லை. பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது, நிலம் ஏன் நடுங்குகிறது என்று படித்தே தீருவேன் என்பது பத்து வயதிலிருந்து அவள் பிடிவாதம். அதை உருப்படியாகச் சொல்லித்தரும் இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவற்றில் முதலாவது இது. உள்ளூர்க் கல்லூரியும் அவளை எடுத்திருக்கிறது, முழுக் கட்டணமும் தள்ளுபடி. ஆனால் அங்கே அந்தப் பாடம் கிடையாது. கணக்குப் படிக்கலாம்.

இரண்டில் எது என்று இன்று மாலை ஐந்து மணிக்குள், இரண்டு கல்லூரிக்கும் பொதுவான இணையதளத்தில் பதில் அனுப்ப வேண்டும். ஐந்தடித்து ஒரு நிமிடம் ஆனாலும் இரண்டு இடமும் போய்விடும்.

பட்டாணியின் அப்பா இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் ஒரு கட்டடத்தில், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் ஏணி சறுக்கி விழுந்தார். வலது தோள் உடைந்தது. தோள் தேறும்வரை என்று சொல்லி, கம்பெனி அவரை உதிரிபாகக் கிடங்கில் பாதிச் சம்பளத்தில் உட்கார வைத்தது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் படிக்க வந்தவர்களுக்கு இவ்வளவு போதும்.

"நான் இன்னிக்கு லீவு சொல்லிட்டேன்," என்றாள் அவர் மனைவி, காபி டம்ளரை மேஜையில் வைத்தபடி. "அந்தக் காலேஜுக்கு போன் போடப் போறேன். ஏன் குடுக்கலைன்னு கேக்கணும்."

"கேட்டா குடுத்துடுவாங்களா?"

"கேக்காம இருந்தா குடுத்துடுவாங்களா?"

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கழற்றி மறுபடி தேய்ப்பாள். பேச்சிலும் அதே கண்டிப்புதான்.

"வேண்டாம்மா, எனக்கே தெரியும்," என்று பட்டாணி அறை வாசலில் வந்து நின்றாள். "எடுத்துக்கிட்டாங்க, சரி. காசு போட்டுப் படிக்க வைக்கிற அளவுக்கு நான் தேறலை. கட்டுரை சுமாராத்தான் வந்துச்சு. இன்டர்வியூல வேற ரெண்டு கேள்விக்கு உளறிக்கொட்டினேன்."

கடையில் முட்டை தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைச் சுவரில் ஐந்து வருடமாக ஒட்டியிருந்த பெரிய நில வரைபடத்தை முந்தாநாள் அவளே கழற்றிச் சுருட்டி அலமாரி மேல் போட்டுவிட்டாள் என்பது பெற்றவர்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

ஒன்பது மணிக்குக் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் ஒரு பெண் போனை எடுத்தாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டு, விண்ணப்ப எண்ணைச் சொன்னாள். குரல் வெளியே போகாமல் சமையலறைக் கதவையும் சாத்தினாள்.

"மேடம், உங்க பொண்ணோட தகுதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க," என்றது அந்தக் குரல். "அந்தப் பொண்ணு எழுதின கட்டுரை இங்க கைக்குக் கை மாறிச்சு. எங்க பிரிவு வரைக்கும் வந்துச்சுன்னா பாருங்க. உதவித்தொகைக்குக் குடும்ப வருமானத்தை மட்டும்தான் பாக்கறோம். நீங்க குடுத்திருக்கறது போனதுக்கு முந்தின முழு வருஷக் கணக்கு. அதுப்படி நீங்க வரம்புக்கு மேல வர்றீங்க."

"அது அவர் கீழ விழறதுக்கு முன்னாடி வாங்கின சம்பளம்ங்க! இப்போ பாதிதான் வருது."

"அதுக்குத்தான் ஃபாரத்துல கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம் இருக்கு மேடம். உடம்பு, வேலை, வருமானம், எதுல மாற்றம் இருந்தாலும் எழுதச் சொல்லி. ஒரு நிமிஷம்." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "'குறை ஏதும் இல்லை'ன்னு எழுதியிருக்கு. பூர்த்தி செய்தவர் தகப்பனார்."

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

லிஃப்டில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். மாதம் ஒரு தேதி, ஒரு கையெழுத்து, நடுவே அந்த மூன்று சொற்கள். இருபத்திரண்டு வருடமாக மாதம் நாற்பது அட்டையில் அதையே எழுதிய கை அவருடையது. அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. குறையைக் கண்டால் அட்டையில் எழுதமாட்டார்கள். சரிசெய்து, இரண்டு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் அட்டையைத் தொடுவார்கள். குறை என்று எழுதிவைத்தால் எவன் ஏறுவான்?

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'பெற்றோர் நிரப்ப வேண்டியது' என்ற பக்கங்களை மகளிடமிருந்து பெருமையாக வாங்கிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவர் நிரப்பியபோதும் இதே கணக்குதான். தோள் கோடைக்குள் தேறிவிடும். தேறப்போகிற ஒன்றை எழுதுவானேன்?

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" மனைவி ஸ்பீக்கரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"கஷ்டப்படற குடும்பம்னு எழுதினா, நமக்கு எதுக்கு வம்புன்னு பட்டாணியையே தள்ளிடுவாங்கன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ கடையில இருந்தே."

"கடை என்ன நிலாவுலயா இருக்கு?"

போன் குரல் பொறுமையாகக் காத்திருந்தது. மறுபரிசீலனைக்கு மனுப் போடலாம் என்றது. கம்பெனியிலிருந்து கடிதம் வேண்டும். ஆனால் இந்த வருடப் பணம் முழுக்கப் பங்கு போட்டாகிவிட்டது. மனு தேறினாலும் அடுத்த வருடத்திலிருந்துதான் கிடைக்கும், தேறும் என்று உறுதியும் கிடையாது. ஒரு வருடம் இடத்தை நிறுத்தி வைக்கும் வழக்கமும் அங்கே இல்லை.

"அஞ்சு மணிங்கறதைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதுங்களா?" என்று அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அது என் கையில இல்லைங்க சார்," என்றாள் அந்தப் பெண். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

முதல் வருடக் கட்டணம் எவ்வளவு என்று மூவருக்குமே மனப்பாடம். அவருடைய பழைய சம்பளத்தில் எட்டு மாதம். இப்போதைய சம்பளத்தில் பதினாறு மாதம்.

அவர் செருப்பை மாட்டினார். "கம்பெனிக்குப் போறேன். என்னிக்கு மறுபடி லிஃப்ட் வேலைக்கு எடுக்கறாங்கன்னு தேதி போட்டு ஒரு கடிதம் வாங்கிட்டேன்னா, பழைய சம்பளத்தைக் காட்டி பாங்க்ல கடன் வாங்கிடலாம். முதல் வருஷத்தைத் தள்ளிட்டா அப்புறம் அவங்க பாத்துக்குவாங்க. எல்லாம் நடக்கும்."

எரிந்துகொண்டிருந்த மனைவியின் முகம் சட்டென்று அணைந்துபோனது.

"நீங்க போகாதீங்க," என்றாள். "நான் போன்ல கேட்டுக்கறேன்."

"நேர்ல போனாத்தான் கையோட வாங்கலாம்."

"சொன்னா கேளுங்க. இன்னிக்கு வேண்டாம்."

கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் படி இறங்கிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும், அவளுடைய கோபத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

கம்பெனியின் நிர்வாக அலுவலகம் வேறொரு கட்டடத்தில், ஒன்பதாவது மாடியில் இருந்தது. அதிகாரி வெளியே போயிருந்தார். இரண்டரை மணிவரை பட்டாணியின் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டதும் விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"தேதியா அண்ணே?" என்று இழுத்தார் அதிகாரி. வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். "உங்களுக்குத்தான் டாக்டர் குழுவோட ரிப்போர்ட் வந்துடுச்சே."

"எந்த ரிப்போர்ட் சார்? வரும் வரும்னாங்க, வரலையே. தகவல் ஒண்ணும் வரலைன்னா நல்ல தகவல்தான்னு நானும் கேக்கலை."

அதிகாரி ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார். பிறகு ஃபைலைத் தேடி எடுத்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஒரே பத்தி. வலது தோளின் முழு அசைவு திரும்ப வாய்ப்பில்லை. களப்பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர். கிடங்குப் பணியில் தொடரலாம்.

கீழே ஒரு சின்ன அட்டை குத்தியிருந்தது. பதிவுத் தபாலைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி. ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. அதில் ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்து, அடியில் இரண்டு புள்ளி. அந்தக் கையெழுத்தை மகளின் மதிப்பெண் அட்டைகளில் பன்னிரண்டு வருடம் பார்த்திருக்கிறார்.

"நீங்க ஒரு வார்த்தை கேக்காம தினமும் வந்து பெட்டியை அடுக்கிட்டுப் போவீங்க," என்றார் அதிகாரி தயக்கத்துடன். "இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படித் தாங்கிக்கிட்டார் இந்த மனுஷன்னு ஆபீஸ்ல பேசிக்குவோம் அண்ணே."

"ஆமா சார்," என்றார் அவர்.

அதிகாரி நகல் எடுத்துக் கொடுத்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போய் நின்றார். கதவு மூடியது. நின்றுகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்து ஒரு பெண் உள்ளே வந்து, "எந்த மாடி சார் போகணும்?" என்று கேட்டபோதுதான், தான் பொத்தானையே அழுத்தவில்லை என்பது தெரிந்தது. இன்னும் ஒன்பதாவது மாடியில்தான் இருந்தார்.

பஸ்ஸில் அவருக்கு முதலில் ஆத்திரம் வந்தது. ஆறு மாதம்! தினமும் பக்கத்தில் படுத்து எழுந்தவள், வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் ஆத்திரம் தீர்ந்து, அந்த இடத்தில் வெறும் துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. தோள் போனதா, தொழில் போனதா, மகளின் படிப்பு போனதா, எதற்கென்று அழுவது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்கக்கூட வலது கை முழுசாக எழவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலே கால். பட்டாணி சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். அவள் பார்வை நேராக அவர் சட்டைப்பைக்குப் போனது. அவர் அவளைப் பார்க்காமல் மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"பட்டாணி, உன் கட்டுரை நல்லா இருந்துச்சாம். அங்க கைக்குக் கை மாறிச்சாம். பணம் கிடைக்காததுக்குக் காரணம் நான்."

பூசி மெழுகாமல் சொன்னார். கட்டத்தைப் பற்றி, அதில் எழுதியதைப் பற்றி, ஏன் எழுதினார் என்பதைப் பற்றி. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் கத்தவில்லை.

"அப்போ அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருந்துச்சாப்பா?"

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம்."

அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டு அழுகையாகிவிட்டது. "நாலு நாளா நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லைன்னு நினைச்சுட்டு இருந்தேம்ப்பா," என்றாள்.

பள்ளத்தில் விழுந்து கிடந்தபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் விவரம் கேட்டாள். மறுபரிசீலனை, அடுத்த வருடப் பணம், முதல் வருடக் கட்டணம் எல்லாவற்றையும் அவர் சொன்னார். கேட்கக் கேட்க அவள் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

"அப்போ முதல் வருஷம் மட்டும்தானே? நீங்க கோடைக்குள்ள லிஃப்ட் வேலைக்குப் போயிட்டா கடன் கிடைச்சுடும். நானும் அங்க ஏதாவது வேலை பார்த்துட்டே அடைச்சுடறேன்." அம்புக்குறியை நகர்த்தித் தூரத்துக் கல்லூரியின் பொத்தான் மேல் வைத்தாள். "தோள் சரியாயிடும் இல்லப்பா? அதை மட்டும் சொல்லுங்க. நான் தைரியமா அழுத்திடறேன்."

"அப்பா இப்பத்தானே வந்தார், கொஞ்சம் மூச்சு விடட்டும்," என்றாள் மனைவி.

மணி நாலு முப்பத்தெட்டு.

ஒரு சொல் போதும். ஒரு வருடமாக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்தான். 'சரியாயிடும்' என்றால் அவள் அழுத்திவிடுவாள். இன்று ஒரு நாளாவது இந்த வீட்டில் சந்தோஷம் இருக்கும். அப்புறம்? உள்ளூர்க் கல்லூரியின் தள்ளுபடி இன்றோடு ரத்து. நான்கு மாதம் கழித்து, இரண்டாவது தவணை கட்ட வழியில்லாமல், தெரியாத ஊரில் ஒரு அலுவலக வாசலில் பெட்டியோடு அவள் நிற்பாள். அப்போது திரும்பி வரவும் இடம் இருக்காது.

"ஆகாது, பட்டாணி."

"கோடைக்குள்ள ஆகாதா?"

"எப்பவுமே ஆகாது. டாக்டர் ரிப்போர்ட்டை இன்னிக்குப் பார்த்தேன். இனிமே எனக்குக் கிடங்குதான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி, வலிக்கிற தோளைத் தொடாமல், அவர் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் அம்புக்குறியைக் கீழே இறக்கினாள். உள்ளூர்க் கல்லூரியின் பெயரை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு அழுத்தினாள். 'உறுதியாகத் தெரிவிக்கிறீர்களா?' என்று திரை கேட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

"இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு," என்றாள், யாரிடம் என்றில்லாமல். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அவள் எதற்காகத் திறந்தாள் என்பது பெற்றவர்களுக்குத் தெரியாதா?

மனைவி வந்து, மகள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தேதியைப் பார்த்துட்டீங்க இல்ல?"

"தேதியையும் பார்த்தேன். கையெழுத்தையும் பார்த்தேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்குக் காலையில சுவத்துல கையை ஏத்தி ஏத்திப் பென்சில்ல கோடு போட்டுட்டு இருந்தீங்க. போன மாசக் கோட்டைவிட ஒரு விரல் ஏறிடுச்சு பாருன்னு கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சீங்க. அந்தத் தபால் அப்போ என் கையிலதாங்க இருந்துச்சு. பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் வந்து நின்னேன். எப்படிக் குடுப்பேன்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"குடுத்திருந்தா அந்தக் கட்டத்துல எழுதியிருப்பேன்."

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அவள் வாயில் புடவைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள். "காலையில அந்தப் பொண்ணு போன்ல படிச்சப்பவே எனக்கு உயிர் போயிடுச்சு. உங்களைத் திட்டிட்டே இருந்தேன், உள்ளுக்குள்ள என்னைத்தான் திட்டிக்கிட்டேன்."

"இது அவளுக்குத் தெரிய வேண்டாம்," என்றார் அவர். "ஃபாரத்துல எழுதினது நான். தப்பு என்னோடதாவே இருக்கட்டும். வீட்டுல ஒருத்தர் மேலயாவது அவளுக்கு நம்பிக்கை மிச்சம் இருக்கணும்."

"எத்தனை நாளைக்குங்க மறைக்கறது? நான் ஆறு மாசம் மறைச்சதுக்கே இந்தக் கதி."

"அந்தக் கையெழுத்தை நான் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கோ."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தபடி அப்படியே நிறுத்திவிட்டாள். குழாய்ச் சத்தம் எப்போது நின்றது என்று இருவருமே கவனித்திருக்கவில்லை.

பட்டாணி நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துண்டு கையிலேயே இருந்தது. அப்பாவை மன்னித்துவிட்ட கண்கள் இப்போது அம்மாவின் மேல் நின்றன.

"யாரு கையெழுத்தும்மா?"